வால் கனம்

என் வலது கை எந்த நாளில் நடுங்கத் தொடங்கியது என்று எனக்குத் தெரியாது. நான் அதைக் கண்டுகொண்ட நாள்தான் தெரியும். பதுளையில் என் கடையில் உட்கார்ந்து தண்ணீர் மோட்டார் ஒன்றுக்குச் செப்புக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தேன். முப்பது வருட வேலை, கண்ணை மூடிக்கொண்டு செய்வேன். அன்றைக்குக் கம்பி துளைக்குள் போகாமல் விளிம்பில் தட்டிக்கொண்டே நின்றது. கம்பி வளைந்துவிட்டது என்று அதைத் திட்டிவிட்டு வேறொன்றை வெட்டினேன். அதுவும் தட்டியது. மூன்றாவது கம்பியில்தான் என் பெருவிரலும் சுட்டுவிரலும் உப்புக் கல்லை உருட்டுவதுபோலத் தாமாகவே அசைவதைப் பார்த்தேன்.

கடைக் கதவைப் பாதி இழுத்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. டாக்டரிடம் போகவில்லை. போனால் அவர் அதற்கு ஒரு பெயர் வைப்பார். பெயர் வைக்காதவரை அது வெறும் களைப்புதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வீட்டில் தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடிக்கப் பழகினேன். கேட்டால் குளிர் என்று சொல்லலாம். மனைவி கேட்கவேயில்லை. அதை என் சாமர்த்தியம் என்று எடுத்துக்கொண்டேன்.

இந்தக் கை போனால் எனக்கு வேறு வேலை கிடையாது. மோட்டார் கட்டுவதும், ஞாயிற்றுக்கிழமைகளில் ரிமோட் விமானம் ஓட்டுவதும், இரண்டுமே விரல் நுனி வேலை. விமானப் பைத்தியம் வளைகுடா நாட்டில் வேலை செய்த காலத்தில் பிடித்தது. அங்கே ஒரு கிளப்பில் வெள்ளிக்கிழமை காலைகளில் விமானம் விடுவார்கள். மோட்டார் பழுது பார்க்கப் போன நான் ஓட்டக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பினேன். பதுளைக் கடைவீதியில் என்னைப் 'பிளேன்காரர்' என்றுதான் சொல்வார்கள். அந்தப் பெயரில் எனக்கு இருந்த பெருமையை இப்போது மறைத்துப் பயனில்லை.

அப்படிக் கையை ஒளித்துக்கொண்டு திரிந்த நாட்களில்தான் அந்தப் பெட்டி வந்தது. கொண்டுவந்தவர் கடைவீதியில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் முதலாளி, எழுபது தாண்டியவர். மடுல்சீமைப் பக்கத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் இருந்த வெள்ளைக்காரத் துரை ஊரைவிட்டுப் போனபோது, பங்களாச் சாமான்களை அவருடைய அப்பா மொத்தமாக வாங்கியிருக்கிறார். மேசை நாற்காலியெல்லாம் எப்போதோ விற்றுப்போயின. இந்த நீளமான பலகைப் பெட்டி மட்டும் கடை மச்சில் கிடந்தது. திறந்தோம். உள்ளே ஓர் ஆள் கையை விரித்த அகலத்துக்கு இறக்கை, நாலடிக்கு மேல் உடம்பு, எல்லாம் பால்சா மரம். மேலே ஒட்டிய பட்டுத்துணி கருவாட்டுத் தோல்போலச் சுருங்கிக் கிடந்தது.

"தம்பி, இது என்னா பிளேனுன்னு சொல்லணும். அப்புறம் இது பறக்கணும்" என்றார் முதலாளி. "சின்னப் பையனா அப்பாகூட சாமான் எறக்கப் போனப்ப பாத்தேன். தொரை இத தலகீழா ஓட்டுனாரு. வேலைக்குப் பேரு குடுக்க பெரட்டுக்களத்துல நின்ன சனம் பூரா தலைய சாச்சிக்கிட்டுப் பாத்துச்சு. ஒரே ஒரு வாட்டி அப்பிடிப் பாத்துட்டா போதும்."

"ஒடஞ்சா?" என்று கேட்டேன்.

"ஒடஞ்சா வேற இல்ல தம்பி" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார்.

அந்த இடத்தில் முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் ஏன் முடியாது என்று கேட்பார். பிளேன்காரர் ஏன் பிளேன் ஓட்ட மாட்டார்? அதற்குப் பதில் என் காற்சட்டைப் பையில் நுழைந்து உட்கார்ந்திருந்த வலது கைதான். "பறக்கும் மொதலாளி" என்று சொல்லி அனுப்பினேன்.

பழைய விமானத்தை இன்னது என்று கண்டுபிடிப்பது சுலபமில்லை. பெயர் எங்கும் எழுதியிருக்காது. எழுதியிருந்தாலும் அது ஓட்டியவனின் ஆசைப் பெயராக இருக்கும். உடம்பைத்தான் விசாரிக்க வேண்டும். சாதாரண விமானத்தின் இறக்கை மேலே வளைந்து கீழே தட்டையாக இருக்கும். இதில் மேலும் கீழும் ஒரே வளைவு. தலைகீழாகவும் பறப்பதற்கென்றே வரைந்தது. மூக்கில் எஞ்சினைப் பூட்டிய துளைகளின் இடைவெளியை அளந்தேன். பெரிய எண்ணெய் எஞ்சின். பெட்டியின் மூலையில் பழந்துணியில் சுற்றி அந்த எஞ்சினும் இருந்தது. மரத்தை முகர்ந்தால் இத்தனை வருடம் கழித்தும் விளக்கெண்ணெய் வாசம் வந்தது. இறக்கைக்குள் இருந்த விலாக்களை எண்ணி, இடைவெளி குறித்து, இணையத்தில் கிடைத்த பழைய வரைபடங்களோடு ஒப்பிட்டேன். பத்து நாளில் இரண்டு பெயர்களுக்கு வந்து நின்றேன்.

இரண்டையும் வரைந்தவர் ஒருவரே. முதலில் ஒன்று செய்தார். சில வருடம் கழித்து அதே இறக்கையை வைத்துக்கொண்டு மூக்கை ஓர் அங்குலம் நீட்டி, வால் செட்டையை அகலப்படுத்தி இரண்டாவதைச் செய்தார். மூக்கை அளந்தால் தெரிந்துவிடும் என்றுதான் நினைப்பீர்கள். எங்கள் விமானத்தின் மூக்கு எப்போதோ உடைந்து, தோட்டத்து ஃபெக்டரி ஆசாரி யாரோ தேயிலைப் பெட்டிப் பலகையால் புதிதாகச் செய்திருந்தார். உள்பக்கம் பெட்டி இலக்கம்கூட அழியாமல் இருந்தது. அவர் எந்த அளவில் செய்தாரோ, யாருக்குத் தெரியும்? வால் செட்டையின் விளிம்பை எலி தின்றிருந்தது. நான் புதிதாக விளிம்பு ஒட்டியபோது அது இரண்டு அளவுகளுக்கும் நடுவில் போய் நின்றது.

பழைய விமானக்காரர்கள் கூடும் இணையப் பக்கம் ஒன்றில் படங்களைப் போட்டேன். கடல் தாண்டி எங்கேயோ இருக்கும் ஒரு கிழவர், உடம்பின் முதுகு வளைவைப் பார்த்துவிட்டு, முதல் மாடல்தான் என்று ஒரே வரியில் எழுதினார். விளக்கம் கேட்டேன். அவர் கையால் அதை இரண்டு செய்திருக்கிறாராம், அதுதான் விளக்கமாம். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பொருள் என் மேசையில் இருக்கிறது, படத்தைப் பார்த்தவர் தீர்ப்புச் சொல்கிறார்.

துணி உரித்த உடம்புக்குப் புதுத் தோல் போட்டது என் மனைவி. அவள் பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறவள். முன்பு ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்தவள். சூடு பட்டால் இறுகும் பிளாஸ்டிக் ஷீட்டை இஸ்திரிப் பெட்டியால் ஒரு சுருக்கம் இல்லாமல் ஒட்டுவாள். விமானமும் ஓட்டுவாள். எங்களிடம் இருக்கும் தக்கைபோல லேசான சின்ன ரெஜிஃபோம் விமானத்தைத் தேவாலயப் பூசை முடிந்து வந்த ஞாயிறுகளில் அவள்தான் அதிகம் ஓட்டினாள். ஓட்டும்போது அதைத் தலைகீழாகப் புரட்டி விளையாடுவாள். நான் பக்கத்தில் நின்று திட்டுவேன். நல்ல ஓட்டியை எனக்கு அடையாளம் தெரியாமல் இல்லை. ஒப்புக்கொள்ளத்தான் மனம் வரவில்லை.

வாலைத்தான் முதலில் மூடச் சொன்னேன். "பசையக் கொட்டிராத. வால்ல ஒரு கிராம் கூடுனா மூக்குல மூணு கிராம் வைக்கணும்" என்று வழக்கம்போல ஓதினேன். அவள் தலையைத் தூக்காமல், "தெரியும், நூறு வாட்டி சொல்லியாச்சு" என்றாள். ஒரு செவ்வாய்க்கிழமை அந்தோனியார் கோயிலுக்குப் போய் வந்து, சாயங்காலம் உட்கார்ந்து வாலின் அடிப்பக்கத்தை மூடி முடித்தாள்.

மறுநாள்தான் எனக்கு அந்தப் பெரிய யோசனை வந்தது. முதல் மாடல், இறக்கையின் முன் விளிம்பிலிருந்து நாலு அங்குலத்தில் தாங்கினால் சாயாமல் நிற்கும். இரண்டாவது மாடலுக்கு அது நாலரை அங்குலம். அளவு பொய் சொல்லலாம், ஆசாரி பொய் சொல்லலாம், எடை பொய் சொல்லாது. பழைய எஞ்சினையும் பழைய ரேடியோச் சாமான்களையும் அதனதன் இடத்தில் பூட்டினேன். பலகையில் இரண்டு பென்சிலை நிறுத்தி, விமானத்தைத் தலைகீழாகப் புரட்டி, இறக்கையை அதன்மேல் வைத்தேன். நாலு அங்குலத்தில் வால் தொம்மென்று விழுந்தது. மெல்ல மெல்லப் பின்னுக்கு நகர்த்தினேன். நாலரையில் அசையாமல் நின்றது.

"ரெண்டாவது மாடல்" என்று கத்தினேன். மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். கடல் கடந்த கிழவருக்குப் படத்தோடு எழுதிப் போட்டேன். எழுதும்போது மரியாதைக் குறைவாக இருக்கக்கூடாது என்று இரண்டு தடவை திருத்தினேன், ஆனாலும் கொஞ்சம் இருந்தது. அவர் பதில் எழுதவில்லை.

அதற்குப் பிறகு மாற்றங்கள். அந்த எஞ்சினுக்கு வேண்டிய எண்ணெய் பதுளையில் கிடைக்காது. எஞ்சினை எடுத்துவிட்டு மின்சார மோட்டார் வைத்தேன். எண்ணெய் ஊறிய மூக்குப் பலகையில் கோதுமை மாவைப் பூசி, சூடு காட்டி, சுரண்டி, மறுபடி பூசி எண்ணெயை இழுத்தேன். செங்கல் கனம் இருந்த பழைய ரேடியோவை எடுத்துத் தீப்பெட்டி அளவுச் சாமான்களை வைத்தேன். பேட்டரி உள்ளே போக முதுகில் ஒரு மூடி வெட்டினேன். எல்லாம் முடிந்ததும் பேட்டரியை முன்னும் பின்னும் தள்ளி, சரியாக நாலரை அங்குலத்தில் சமன் செய்தேன்.

இதெல்லாம் மூன்று வார வேலை. எனக்கு இரண்டரை மாதம் எடுத்தது. திருகாணி பூட்டும்போது கை ஆடினால் எழுந்து வெளியே போவேன். அவள் பார்க்காத நேரம் பார்த்துத்தான் சின்னச் சாமான்களைத் தொடுவேன். தினமும் காலையில் ஊசியில் நூல் கோத்துப் பார்ப்பேன். சில நாள் கோக்கும். கோத்த நாளில் எனக்கு ஒன்றுமில்லை என்று விசிலடித்துக்கொண்டு கடைக்குப் போவேன். கோக்காத நாளில் கடைக்கு வருகிறவர்கள்மேல் எரிந்து விழுவேன்.

விமானம் பறக்கவிட எழுதிக் கேட்டிருந்த அனுமதிக் கடிதங்கள் வந்தன. அந்தத் தோட்டத்தின் இப்போதைய துரை, மடுல்சீமையில் விளையாட்டு மைதானத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலைக்குத் தந்தார். அந்தப் பருவத்து ஊவாக் காற்று அடங்கியிருந்தது. அடுத்து மழை தொடங்கிவிடும். அந்த ஒரு ஞாயிறுதான் என்று ஆகிவிட்டது. வியாழக்கிழமை சின்ன விமானத்தைத் தனியாக எடுத்துப்போய்ப் பழகிப் பார்த்தேன். இறங்கும்போது விரல் துடித்து அது தரையில் குத்தி இரண்டாகப் போனது. துண்டுகளைக் கடையில் ஒளித்துவைத்துவிட்டு வீட்டுக்கு வந்து நன்றாகச் சாப்பிட்டேன், சந்தேகம் வரக்கூடாது என்று.

ஞாயிறு விடிந்ததும் வேனில் புறப்பட்டோம். இறக்கையை நானும் மனைவியும் மடியில் வைத்துக்கொண்டோம். அந்த ரோட்டின் ஒவ்வொரு குழியிலும் அவள் இறக்கையைத் தூக்கித் தாங்கினாள். நான் என் வலது கையை இறக்கைக்குக் கீழே கொடுத்து, தாங்குவதுபோல, அமுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

மலையை வெட்டிச் சமன் செய்த மைதானம் அது. ஒரு பக்கம் மேடு, மேட்டில் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்கள். மறுபக்கம் தேயிலை சரிந்து பள்ளத்துக்குள் போகும். காற்று எழும்பும் முன், ஏழரைக்கெல்லாம் பறக்கவிட்டு முடித்துவிடுவதாகத் திட்டம். முதலாளி விடவில்லை. புது வண்டி எடுத்தால் செய்வதையெல்லாம் கொண்டுவந்திருந்தார். விமானத்தின் மூக்கில் சந்தனமும் குங்குமமும் வைத்தார். கற்பூரம் காட்டினார். மூன்று சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து விமானத்தைத் தள்ளச் சொன்னார். மூன்று கிலோ விமானத்துக்குப் பழம் நசுங்கவில்லை. சக்கரம் ஏறி இறங்கியது. கடைசியில் அவரே செருப்பைக் கழற்றிவிட்டுக் காலால் மிதித்து நசுக்கினார். மனைவி எதற்கும் ஒரு சிலுவை போட்டுக்கொண்டாள். இதற்குள் எட்டரை ஆகி, மேட்டில் லயத்து ஆட்கள் எல்லாம் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். பள்ளத்திலிருந்து காற்று ஏறத் தொடங்கியது.

ரிமோட்டின் வாரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். மனைவி என் இடது தோளுக்குப் பின்னால் நின்றாள். ஓட்டுகிறவன் விமானத்தைவிட்டுக் கண் எடுக்கக்கூடாது. மற்றதையெல்லாம் பார்த்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். மோட்டாரின் வேகத்தைக் கூட்டினேன். பாதி மைதானம் ஓடிய பிறகு எழும்ப வேண்டியது, இருபது முழத்திலேயே மூக்கைத் தூக்கிக்கொண்டு செங்குத்தாகக் கிளம்பியது. அமுக்கினேன். அமுக்கியது அதிகமாகித் தரையைப் பார்த்துப் பாய்ந்தது. இழுத்தேன். எப்படியோ உயரத்துக்குப் போய்விட்டது. மேட்டில் கைதட்டினார்கள்.

"மூக்கத் தூக்குதுங்க" என்றாள் மனைவி, எனக்கு மட்டும் கேட்கும்படி.

"தெரியும்" என்றேன்.

வால் கனத்த விமானம் மூக்குக்கயிறு அறுத்த மாடு மாதிரி. விரலை ஒரு நூல் அசைத்தால் அது ஒரு முழம் துள்ளும். என் விரலோ நான் அசைக்காமலே அசைந்துகொண்டிருந்தது. அத்தனை பேர் பார்க்க, என் கை நடுக்கத்தை அந்த விமானம் வானத்தில் பெரிதாக எழுதிக் காட்டியது. மேலும் கீழும், மேலும் கீழும் தலையாட்டிக்கொண்டே சுற்றியது. யாருக்கும் விளங்காது, காற்று என்று நினைப்பார்கள் என்று எனக்குச் சொல்லிக்கொண்டேன். அப்போதே இறக்கியிருக்கலாம். "தம்பி, தலகீழா" என்று முதலாளியின் குரல் பின்னாலிருந்து வந்தது.

வீம்புக்குப் பெயர் போன ஆள் நான். புரட்டினேன்.

ஒரு நொடி அழகாக இருந்தது. சிவப்பு வயிறு மேலே, முதுகு மூடி கீழே, வெயில் பட்டு மின்னிக்கொண்டு நேராக வந்தது. தலைகீழாக இருக்கும்போது எல்லாம் மாறிப்போகும்; மேலே ஏற வேண்டுமென்றால் ரிமோட்டின் குச்சியை முன்னுக்குத் தள்ள வேண்டும். எனக்குத் தெரியும். என் விரலுக்கும் தெரியும். விரல் தள்ளத்தான் போனது, நடுவில் துடித்துப் பின்னுக்கு இழுத்துவிட்டது. விமானம் மூக்கைத் திருப்பி மேட்டைப் பார்த்து இறங்கத் தொடங்கியது. அங்கே ஒரு பெண், கைப்பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பை நான் பார்த்தேன், அதாவது விமானத்தைவிட்டுக் கண்ணை எடுத்துவிட்டேன்.

"பிடி" என்றேன். அவளுக்குக் கேட்டதோ என்னவோ. சத்தமாகச் சொன்னேன், "எனக்கு ஏலாது. கை நடுங்குது. நீ பிடி."

சொல்லி முடிக்கும் முன் அவள் எனக்கு முன்னால் நுழைந்து, இரண்டு கைகளையும் என் கைகளுக்குக் கீழே கொடுத்துவிட்டாள். வார் என் கழுத்தில் இருந்தது, கழற்ற நேரமில்லை. ஊர் பார்க்க, என் மார்பில் சாய்ந்து நின்றபடி, என் கழுத்தில் தொங்கிய ரிமோட்டில் அவள் ஓட்டினாள். விமானம் மேட்டுக்கு இரண்டாள் உயரத்தில் நிமிர்ந்தது. அவள் அதைப் புரட்டவில்லை. தலைகீழாகவே ஏற்றி, தலைகீழாகவே திருப்பி, மைதானத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் மெதுவாகக் கொண்டுபோனாள். என் கை அவள் தோளில் கிடந்து ஆடிக்கொண்டிருந்தது. அதை ஒளிக்க இனி இடமில்லை.

மேட்டில் இருந்த அத்தனை பேரும் தலையைச் சாய்த்துப் பார்த்தார்கள். முதலாளியும் சாய்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு புரட்டி நேராக்கி, அகலமாக ஒரு சுற்றுச் சுற்றி இறக்கினாள். இரண்டு தடவை துள்ளி, மைதானம் தாண்டி, முதல் வரிசைத் தேயிலைச் செடிக்குள் போய் நின்றது. விசிறி உடைந்தது, முன்சக்கரக் கம்பி வளைந்தது, இறக்கை நுனியில் ஒரு கிழிசல். அவ்வளவுதான். முதலாளி என் கையைப் பிடிக்க வந்தவர், அது ஆடுவதைப் பார்த்துவிட்டு இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் எனக்குக் கோபம் திரும்பிவிட்டது. வெட்கத்தைவிடக் கோபம் சுலபம். விமானத்தை மேசையில் போட்டு, "நாலரையில இருக்கிற பிளேன் இப்பிடித் துள்ளாது. எங்கேயோ தப்பு இருக்கு. கெழவன் சொன்னதுதான் சரியோ" என்று புலம்பினேன். மனைவி தையல் பெட்டியிலிருந்து கத்தரிக்கோலை எடுத்துவந்தாள். நான் தடுக்கும் முன் விமானத்தைப் புரட்டி, அவள் ஒட்டிய ஷீட்டை அவளே வாலின் அடியில் கீறினாள். இரண்டு விரலை உள்ளே விட்டு ஒரு சின்னத் துணி முடிச்சை இழுத்தாள்.

அவிழ்த்தேன். ஈயத்தில் வார்த்த ஒரு கை. என் பெருவிரல் நீளம், ஐந்து விரலும் விரித்தது, வலது கை. உடம்பில் எந்த இடத்தில் நோவோ அந்த உறுப்பைச் செய்து, பாதிரியாரிடம் மந்திரித்து வைத்திருந்து, குணமானதும் அந்தோனியார் காலடியில் கொண்டுபோய் வைப்பது எங்கள் ஆட்களின் நேர்ச்சை. கோயில் சுவரில் கண், கால், காது என்று எத்தனையோ தொங்குவதைப் பார்த்திருக்கிறேன். தராசில் வைத்தேன். நாற்பத்தெட்டு கிராம்.

"வால்லயா வைப்ப?" என்று கத்தினேன். "அந்தப் புள்ளக்காரி மேல விழுந்திருந்தா?"

"எங்க வச்சாலும் நோண்டி எடுத்துருவீங்க. அலுமாரி, அரிசி டின், தையல் மெஷின் லாச்சி, எதையாவது விட்டு வச்சிருக்கீங்களா? நீங்க மறுபடி கை வைக்காத எடம் இந்த வால் ஒண்ணுதான்" என்றாள். பிறகு அவளும் குரலை உயர்த்தினாள். "பாரம்னு எனக்குத் தெரியாதா? நீங்கதான் எப்பிடியும் நிறுத்துப் பாத்து பேட்டரிய நகத்துவீங்களேன்னு நெனச்சேன். அத வச்சி பிளேனுக்குப் பேரு வைப்பீங்கன்னு நான் கனவா கண்டேன்?"

எடை பொய் சொல்லாது என்று நினைத்தவன் நான். எடை பொய் சொல்லவுமில்லை. யாருடைய எடை என்றுதான் நான் கேட்கவில்லை.

"சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"நீங்க சொல்லியிருக்கலாமே" என்றாள். அப்போதுதான் அழுதாள். "ரெண்டு கையால டீ குடிக்கிறதப் பாத்துக்கிட்டே இருந்தேன். நீங்க சொன்னா நான் ஏன் ஒளிச்சி வைக்கப் போறேன்?"

வெகுநேரம் கழித்து, பென்சில் பலகையை எடுத்துவைத்து, விமானத்தைப் புரட்டி வைத்தேன். பேட்டரியைத் தொடவில்லை, எதையும் மாற்றவில்லை. அந்தக் கை இல்லாமல் அது நாலு அங்குலத்தில் அசையாமல் நின்றது. முதல் தடவை நிறுத்தியபோதும் இந்தக் கைதான் அரை அங்குலம் பின்னுக்குத் தள்ளியிருக்கிறது. முதல் மாடல். கடல் கடந்த கிழவருக்கு அன்றைக்கே மன்னிப்புக் கேட்டு எழுதினேன். முதலாளிக்கு அந்தப் பெயரை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். என் எழுத்து கோணியிருந்தது, அவர் அதை மடித்துக் கல்லாவுக்குள் வைத்தார்.

ஈயக் கையை மறுபடி துணியில் முடிந்து அவளிடம் கொடுத்தேன். இப்போது அது அலுமாரியில், எனக்குத் தெரிந்த இடத்தில் இருக்கிறது. கோயிலுக்குப் போகும் நாள் வருமோ தெரியாது.

செவ்வாய்க்கிழமை டாக்டரிடம் போனோம். கையை நீட்டச் சொன்னார், மடக்கச் சொன்னார், நடந்து காட்டச் சொன்னார். பிறகு பேனாவை எடுத்துக்கொண்டு, "எப்ப தொடங்கினது?" என்று கேட்டார். நான் அந்தச் செப்புக் கம்பியை நினைத்து, மே மாதம் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"ஈஸ்டருக்கு முந்தின குருத்து ஞாயிறு அன்னிக்கி, டொக்டர்" என்றாள் மனைவி. "பவனியில எல்லாரும் ஓலை பிடிச்சிக்கிட்டு நின்னோம். காத்தே இல்ல. இவரு கையில இருந்த ஓலை மட்டும் ஆடிக்கிட்டு இருந்துச்சு."

டாக்டர் அந்தத் தேதியை எழுதிக்கொண்டார்.